ஸர் கிளெமெண்ட்ஸ் மார்க்கம்

எம் ஊராகிய ஓரிக்கை, காஞ்சிமாநகர்க்குத் தெற்கே பாலாற்றங்கரையை அடுத்துள்ள சிற்றூர். திருமழிசையாழ்வார் தம் மாணாக்கராகிய கணிகண்ணரோடு பல்லவன் நகரை நீத்து வெளியேறியபோது, திருவெஃகாவிற் பள்ளிகொண்ட பெருமாளும் தம் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு அவர்பின் சென்றனரென்றும், மூவரும் ஓர் இரவு தங்கியிருந்தமையால் ஓரிரவிருக்கை என வழங்கிய பெயரே ஓரிக்கை என மருவிற்றென்றும் எம்மூரார் கூறுவர். புறப்பட்டுப் போதலும், போன இடத்தில் இராத் தங்கலும், பின் மீளலும் ஆகிய மூன்றும் எம் ஊர்ப்பெயரிலேயே அடங்கியுள்ளன என்று சொல்லலாம்.

சென்ற கோடை விடுமுறையில், பாலாற்று மணல் கால்வைக்க ஒண்ணாதபடி காய்ந்துகிடந்த ஒரு பிற்பகலில், அண்டை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து துருவக் கடற்பயண நூலொன்றைப் படித்துக்கொண்டிருந்தோம். உள்ளே குழித்தறியில் நெய்துகொண்டிருந்த பெரியவர் கையை நிறுத்தி, அது என்ன நூலென்று வினவினார். பனிக்கடலில் கப்பல் செலுத்தினோர் வரலாறு என்றோம். நமக்கும் அந்தப் பனிக்கும் என்ன தொடர்பு என்று கேட்டுவிட்டு, விடையை எதிர்பாராமலே அவர் மீண்டும் நாடாவை எறியத் தொடங்கினார். அவருக்கு அன்று சொல்லாத விடையை இங்கே எழுதுகின்றோம். வடதுருவப் பனியில் இளமையைக் கழித்து, நம் நீலகிரிக்குக் காய்ச்சல் மருந்தைக் கொணர்ந்து, தென்துருவத்திற்குத் தம் அன்பிற்குரியாரை அனுப்பி, அவருள் சிலர் மீளாதொழிந்த செய்தியை முதுமையிற் கேட்க நேர்ந்த ஸர் கிளெமெண்ட்ஸ் மார்க்கம் என்பவரின் சரிதமே அவ்விடையாகும்.

மார்க்கம் 1830ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 20ஆம் நாள் இங்கிலாந்தின் யார்க்ஷயர் நாட்டில் ஸ்டில்லிங்ஃபிளீட் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் திருச்சபைக் குரு. பதினான்காம் வயதிலேயே மைந்தர் கடற்படையிற் சேர்ந்து, காலிங்வுட் என்னும் போர்க்கப்பலிற் பசிபிக் கடலுக்குச் சென்றார். தென் அமெரிக்காவின் மேல்கரைத் துறைகளில் அக்கப்பல் நின்ற காலத்திற்றான் பெரு நாட்டின்மேல் அவருக்குத் தீராத பற்று உண்டாயிற்று. அதே கப்பலில் மற்றொன்றையும் அவர் கண்டார். சிறு குற்றத்திற்கும் மாலுமிகளைக் கம்பத்திற் கட்டிச் சவுக்கால் அடிக்கும் கொடுமை அது. அதன்மேற் கொண்ட அருவருப்பு அவர் நெஞ்சைவிட்டு அகலவேயில்லை.

இவ்வாறிருக்க, 1845ஆம் ஆண்டில் வடமேற்குக் கடல்வழியைத் தேடி இரண்டு கப்பல்களோடு சென்ற ஸர் ஜான் ஃபிராங்க்ளினும் அவருடன் போன ஆடவரும், ஆக 129 பேர், என்னவாயினரென்று தெரியவில்லை. அவர்களைத் தேட 1850ஆம் ஆண்டு மே மாதத்தில் நான்கு கப்பல்கள் புறப்பட்டன. அவற்றுள் அஸிஸ்டன்ஸ் என்னும் கப்பலிற் பத்தொன்பது வயதுடைய மார்க்கமும் சென்றார்.

கிரீன்லாந்தின் மேல்கரையை ஒட்டிக் கப்பல்கள் வடக்கே ஏறின. அந்நாட்டின் உட்பகுதி முழுதும் பனிக்கட்டி. ஆண்டுதோறும் பெய்யும் பனி அடியிலுள்ளதை அழுத்த, அது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நடையிற் பள்ளத்தாக்குகளின் வழியே கடலை நோக்கி இறங்கும், இதுவே பனியாறு. கடல்வாயிற் சேர்ந்த பனியாற்றின் முனை பேரொலியுடன் முறிந்து வீழ்ந்து மிதப்பதே பனிமலை. அதன் பத்திலொரு பங்கே நீருக்குமேல் தெரியும். எஞ்சிய பெரும்பங்கு நீருள் மறைந்து, காற்றடிக்கும் திசையை மதியாமல், அடிநீரோட்டத்தின் திசையிற் செல்லும். கடலின் மேற்பரப்பே உறைந்து உண்டாகும் கடற்பனியோ இதனின் வேறு. அது சில அடிக் கனமேயுடையதாயினும், காற்று அதனைக் கரையை நோக்கி நெருக்குமிடத்து, இடையே அகப்பட்ட கப்பலின் விலாவை ஒடிக்கவல்லது. மெல்வில் குடாவில் அவ்வாறு நொறுங்கிய திமிங்கில வேட்டைக் கப்பல்கள் பல. பனிக்கட்டி நெருங்கி வரக் கண்டால், மாலுமிகள் நீண்ட இரம்பங்களைக் கொண்டு கரையோரப் பனித்தட்டை அறுத்துக் கப்பல் நுழையுமளவு ஒரு துறையை ஆக்கி, அதனுள் ஒதுங்குவர். அஸிஸ்டன்ஸும் அதன் துணைகளும் அக்குடாவிற் பல வாரங்கள் சிக்குண்டு, வழி திறந்தபோது நகர்ந்தும், மூடியபோது நின்றும், நீராவிக் கப்பல்கள் பாய்க்கப்பல்களை இழுத்துச் செல்லக் கடந்தன.

ஆகஸ்டு மாதத்திற் பீச்சி தீவில் ஃபிராங்க்ளினின் ஆட்கள் மூவரைப் புதைத்த கல்லறைகள் காணப்பட்டன. அவர்கள் முதற் குளிர்காலத்தை அங்கே கழித்தமை புலனாயிற்று. பின் எங்குச் சென்றனரென்பதைக் காட்டும் எழுத்தொன்றும் அங்கில்லை. அப்பால் தேடிச் செல்வதற்குள் கடல் உறைந்தது. கிரிஃபித் தீவின் அருகே நான்கு கப்பல்களும் குளிர்காலத்திற்கு நிலைகொண்டன. ஏறத்தாழ மூன்று மாதம் கதிரவன் தோன்றவில்லை. அவ்விருளில் மனம் சோராதிருக்க நாடகம் நடித்தனர்; கையெழுத்துப் பத்திரிகை ஒன்றும் நடத்தினர். மார்க்கம் அவற்றில் முன்னின்றார். எம் கல்லூரி விடுதியில் மழைக்காலத்தில் மின்விளக்கு ஒருமணி நேரம் அணைந்தாலே எழும் கூக்குரலை அறிந்த அன்பர்கள் இதனை ஒப்பிட்டுக்கொள்வாராக.

1851ஆம் ஆண்டு வசந்தத்தில், மாலுமிகள் சறுக்குவண்டிகளிற் கூடாரமும் உணவும் ஏற்றித் தோள்வாரால் தாமே இழுத்துக்கொண்டு, உறைந்த கடல்மேல் நாற்புறமும் தேடச் சென்றனர். மார்க்கமும் துணைக்குழு ஒன்றிற் சேர்ந்து இழுத்தார். லெப்டினண்ட் மக்கிளிண்டாக் என்பவர் 80 நாளில் 770 மைல் சென்று மீண்டார். அந்நாளில் அது வியத்தகு செயல். நாய்களை நம்பாமல் மனிதர் தம் தோள்வலியாலேயே பனியை வென்ற அக்காட்சி, இருபது வயது இளைஞர் ஒருவரின் உள்ளத்திற் கல்வெட்டுப்போற் பதிந்துவிட்டது. இச்சரிதத்தின் பின்பகுதி முழுதும் அப்பதிவின் விளைவே என்பது எம் கருத்து.

ஊர் திரும்பிய மார்க்கம், தந்தையார் விரும்பாதிருந்தும், அவ்வாண்டின் இறுதியிற் கடற்படையை விட்டு விலகினார். பிறகு பெரு நாட்டிற்குத் தனியே சென்று, கூஸ்கோ நகரில் இங்கா மன்னரின் இடிபாடுகளைக் கண்டு, அந்நாட்டுக் கெச்சுவா மொழியையும் கற்றார். தந்தையார் காலமானபின் பிழைப்பிற்காக 1854ஆம் ஆண்டில் இலண்டனில் இந்திய நிர்வாக அலுவலகத்தில் உத்தியோகம் பெற்றார். 1857ஆம் ஆண்டில் மின்னா சிச்செஸ்டர் என்னும் அம்மையாரை மணந்தார்.

இனி நம் நாட்டோடு தொடர்புற்ற பகுதிக்கு வருவோம். அக்காலத்தில் இந்தியாவிற் குளிர்சுரத்தால் மாண்டோர் தொகை எண்ணிலடங்காது. அதற்கு மருந்தாகிய கொயினா, தென் அமெரிக்க ஆண்டிஸ் மலைச்சாரலில் மட்டும் வளர்ந்த சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்பட்டது. அதன் விலையோ ஏழைகள் எட்டமுடியாதது. அம்மரத்தை இந்திய மலைகளிற் பயிரிடலாமென்ற யோசனை முன்னரே இருந்தது. காடும் மொழியும் அறிந்த தாமே போய்க் கொணர்வதாக 1859ஆம் ஆண்டில் மார்க்கம் முன்வந்தார். அவரோ தாவரநூற் புலவரல்லர்; இருபத்தொன்பது வயதினராகிய ஓர் எழுத்தர்.

1860ஆம் ஆண்டில் மனைவியாரோடு பெரு நாடு சேர்ந்து, காரவாயா என்னும் மழைக்காட்டுள் இறங்கி, ஐந்நூற்றுக்குச் சற்று மேற்பட்ட செடிகளைத் திரட்டினார். செய்தி பரவவே, அவ்வட்டாரத்தார் செடிகளை வெளியே கொண்டுசெல்வதைத் தடுக்க முயன்றனர். அவர் பெருவழியை விட்டு, ஆளரவமற்ற மலைவழியே கடற்கரை சேர்ந்தார். தம் காட்டின் செல்வத்தைப் பிறர் எடுத்துச்செல்வதை அந்நாட்டார் தடுக்க முயன்றது குற்றமென்று நாம் சொல்லமாட்டோம். எம் காஞ்சிப் பட்டின் கோர்வை நுட்பத்தை யாரேனும் இரவோடிரவாகக் கவர்ந்து சென்றால் எம்மூரார் சும்மா இருப்பரோ? உயிர்காக்கும் மருந்து உலகிற்குப் பொது என்பது மார்க்கம் கொண்ட கொள்கை. இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு.

கண்ணாடிப் பெட்டிகளில் அடைத்த அச்செடிகள் பனாமா வழியாக இங்கிலாந்து சென்று, அங்கிருந்து செங்கடலின் வெப்பத்தைக் கடந்து, பம்பாய் வழியாகக் கோழிக்கோட்டுத் துறைக்கும், பின் உதகமண்டலத்திற்கும் வந்தன. வந்து சேர்ந்தவை பெரும்பாலும் வாடிப் பட்டுப்போயின. அவ்வளவு பாடும் வீணாயிற்று. ஆயினும், அவரது ஏற்பாட்டின்படி ஈக்குவடார் நாட்டிற் செம்பட்டைச் சின்கோனாவின் விதைகளையும் செடிகளையும் திரட்டிய ரிச்சர்டு ஸ்புரூஸ் என்னும் தாவரநூற் புலவரும், அவருக்குத் துணையாயிருந்த ராபர்ட் கிராஸ் என்னும் தோட்டக்காரரும் அனுப்பியவை 1861ஆம் ஆண்டிற் பழுதின்றி உதகை சேர்ந்தன. அரசினர் தோட்டத் தலைவராயிருந்த மக்ஐவர் அவற்றைத் தொட்டபெட்டாவிலும், பின்னர் நடுவட்டத்திலும் பயிராக்கினார். நடுவட்டத்துத் தோட்டங்களிற் சிறைக்கைதிகளும் உழைத்தனர் என்பதையும் மறைத்தலாகாது.

தாம் கொணர்ந்தவை பட்டுப்போகவும் பிறர் கொணர்ந்தவை தழைக்கவும் கண்ட மார்க்கம், அதனால் மனங்கோணவில்லை. நோயுற்று வறுமையில் வாடிய ஸ்புரூஸுக்கு உபகாரச் சம்பளம் பெற்றுத்தர அவர் ஆண்டுக்கணக்காக மன்றாடினார். அரிய குணமன்றோ இது! இதனை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் பின்னர் விளங்கும்.

சின்கோனாப் பட்டையிலுள்ள நான்கு சத்துக்களில் ஒன்றே கொயினா. எஞ்சிய மூன்றும் விலை மலிந்தவை. அவையும் சுரத்தைத் தணிக்குமா என்று 1866 முதல் 1868 வரை சென்னை முதலிய மாகாணங்களில் வைத்தியக் குழுக்கள் சோதித்தன. அவற்றை உண்ட 2,472 நோயாளருள் 27 பேருக்கே பயன்படவில்லை. மலிவான மருந்து கைகூடியது. பிற்காலத்தில், வங்காளத்திலே தொடங்கி, அஞ்சல் நிலையங்களிற் காசுக்கு ஒரு பொட்டலமாகக் கொயினா விற்கப்பட்டது. ஆயின் சந்தையை இறுதியில் வென்றது சாவகத் தீவு. 1865ஆம் ஆண்டில் லெட்ஜர் என்பவர் அனுப்பிய மிகச் சிறந்த விதையை ஒலாந்தர் வாங்கிக்கொண்டமையே அதற்குக் காரணம். எம் பாட்டியார் சிறுமியாயிருந்தபோது, கொயினாவைக் கரைத்து மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவார்களாம். அக்கசப்பை நினைத்தால் எண்பது வயதிலும் அவர் முகஞ்சுளிப்பார். அவரை உயிரோடு வைத்தது அக்கசப்பே.

இவையன்றித் திருநெல்வேலிச் சீமையின் முத்துக்குளிப்பைப்பற்றி மார்க்கம் கட்டுரையொன்று எழுதியதும், பிரேசில் நாட்டு இரப்பர் மரம் 1876ஆம் ஆண்டில் இலங்கைக்கு வர அவர் பெரிதும் காரணராயிருந்ததும் உண்டு. அவற்றை விரிக்கப் புகின் இக்கட்டுரை நீளும். நிற்க.

அலுவலகத்தில் அமர்ந்திருந்த மார்க்கத்தின் மனமோ எப்போதும் பனியிலேயே இருந்தது. 1863 முதல் 1888 வரை இலண்டன் இராஜாங்கப் பூகோள சங்கத்தின் காரியதரிசியாயிருந்த அவர், வடதுருவத்திற்கு மீண்டும் கப்பல் அனுப்புமாறு அரசினரை ஓயாது தூண்டினார். 1875ஆம் ஆண்டில் கப்பல்கள் சென்றபோது, தாமும் கிரீன்லாந்துவரை உடன் சென்று மீண்டார். உத்தியோகத்தை விட்டுவிட்டு இங்ஙனம் போனது மேலதிகாரிகளுக்கு உவப்பாயில்லை. 1877ஆம் ஆண்டில் அவர் வேலையினின்று நீங்கினார். அப்பயணத்தில் அவர் தாயாதி ஆல்பர்ட் மார்க்கம் என்பவர் மனிதர் இழுத்த வண்டிகளோடு 83 பாகை 20 கலைவரை வடக்கே சென்றார். அதுவரை யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை. ஆனால் இழுத்தவர் பலர் ஈறு வீங்கி மூட்டுக்கள் கறுக்கும் ஸ்கர்வி நோயால் வீழ்ந்தனர், சிலர் மாண்டனர். புத்துணவிலுள்ள சத்துக் குறைவால் வருவது அந்நோய் என்பது அன்று தெரியாது. மனிதத் தோளின் எல்லையை அப்போதே மார்க்கம் உணர்ந்திருக்கலாம். உணரவில்லை.

1893ஆம் ஆண்டில் அவர் அச்சங்கத்தின் தலைவரானார். 1896ஆம் ஆண்டில் ஸர் பட்டம் பெற்றார். தென்துருவமே அவர் தலைமைக் காலத்தின் முழுநோக்கம். வடதுருவம் நிலஞ்சூழ்ந்த கடல். தென்துருவமோ கடல்சூழ்ந்த நிலம். அங்குள்ள பனிமலைகளும் வேறு. கிரீன்லாந்துப் பனிமலைகள் கோபுரம்போற் கூர்த்திருக்கும். தென்கடற் பனிமலைகளோ, நிலத்தினின்று கடல்மேற் படர்ந்த பெரும் பனித்தட்டின் விளிம்பு முறிந்து வருவனவாதலின், மேசைபோல் மேல் தட்டையாய், மைல்கணக்கான நீளமுடையனவாய் மிதக்கும்.

தலைவராக யாரை அனுப்புவது? 1887ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், மேற்கிந்தியத் தீவாகிய செயிண்ட் கிட்ஸில் இளங் கடற்படைப் பயிற்சியாளரின் படகுப்போட்டியைக் கண்டபோது, அதில் வென்ற பதினெட்டு வயது இளைஞரை மார்க்கம் மனத்திற் குறித்துவைத்திருந்தார். அவரே ராபர்ட் ஃபால்கன் ஸ்காட். டிஸ்கவரி என்னும் கப்பல் டண்டீ நகரிற் கட்டப்பெற்று, ஸ்காட் தலைமையில் 1901ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் புறப்பட்டது. லாங்ஸ்டாஃப் என்னும் வணிகர் 25,000 பவுன் கொடுத்தார். அரசினர் 45,000 பவுன் கொடுத்தனர். கற்றோர் தலைமையா கடற்படைத் தலைமையா என்று சங்கங்களுக்குள் நடந்த பூசலில் மார்க்கம் விடாப்பிடியாய் நின்று வென்றார். அவ்வெற்றியில் இனிமை இல்லை.

எம்மூர்ப் பெரியவர் கேட்டு மகிழ்ந்த செய்தி ஒன்று உண்டு. பழைய வீரர் மரபில் மிக்க ஈடுபாடுடைய மார்க்கம், அதிகாரி ஒவ்வொருவர்க்கும் அவரவர் குலச்சின்னத்தோடு வண்டிக்கொடிகளைத் தாமே வரைந்து அமைத்தார். ஸ்காட்டின் கொடி பட்டால் ஆயது. பட்டு அவ்வளவு குளிரில் ஒடியாதோ என்று பெரியவர் வினவினார். ஒடியவில்லை. மனிதர்தாம் ஒடிந்தனர்.

டிஸ்கவரி இரண்டாண்டு பனியில் உறைந்து நின்றது. ஸ்காட், வில்ஸன், ஷாக்கிள்டன் மூவரும் 1902ஆம் ஆண்டு டிஸம்பர் 30ஆம் நாள் 82 பாகை 17 கலைவரை தெற்கே சென்றனர். உடன் கொண்டுபோன நாய்களை ஓட்டவும் ஊட்டவும் நன்கறியாமையால் அவை ஒவ்வொன்றாய் மடிந்தன. மூவரும் தாமே வண்டியை இழுத்து, நோயோடு மீண்டனர். கப்பலை மீட்க மார்க்கம் வீடுவீடாய்ப் பொருள் திரட்டி மார்னிங் என்னும் கப்பலை அனுப்பினார். 1904ஆம் ஆண்டு பெப்ருவரியிற் பனி விலக டிஸ்கவரி விடுபட்டது.

நாய்கள் அழிந்தமை மார்க்கத்தின் பழங்கொள்கைக்குச் சான்றாகிவிட்டது. 1899ஆம் ஆண்டிலே பெர்லின் மகாநாட்டில், நார்வே நாட்டு நான்ஸென் முன்னிலையிலேயே, மனிதர் இழுத்தலே சிறந்ததென்று அவர் வாதித்திருந்தார். நாய்களைக் கொன்று நாய்களுக்கு ஊட்டிச் செல்லும் முறை அவருக்குக் கொடுமையாய்ப்பட்டது. மாலுமியின் முதுகிற் சவுக்கு வீழக் கண்டு நடுங்கிய அவ்விளைஞரின் இரக்கமே இது. ஆனால் கணக்கு இரக்கத்தை அறியாது. வண்டி இழுப்பவனுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ உலருணவு வேண்டும். அவ்வுணவையும் அவனே இழுக்கவேண்டும். இழுக்க இழுக்கப் பசி மிகும். சின்கோனாவில் தம் செடி பட்டதை ஒப்புக்கொண்டு பிறர் செடியை வாழ்த்திய அதே மனிதர், பனியிற் பிறர் வழியை ஏற்க மறுத்தார். அந்த மரங்கள் அறிவால் வந்த பற்று. இந்தப் பனியோ இருபது வயதில் வந்த காதல்.

1910ஆம் ஆண்டில் ஸ்காட் மீண்டும் தெற்கே சென்றார். இந்தியக் கடற்பணியிலிருந்த ஹென்றி பவர்ஸ் என்னும் இளைஞர் மார்க்கத்தின் பரிந்துரையால் உடன் சென்றார். சிம்லாவிலிருந்து இந்திய வானிலைத்துறை அறிஞர் ஸிம்ப்ஸன் சென்றார். மறு ஆண்டுப் பணிக்கென இந்தியாவிலிருந்து ஏழு கோவேறு கழுதைகளும் போயின. நார்வே நாட்டு அமுண்ட்ஸென் 52 நாய்களோடு புறப்பட்டு, 1911ஆம் ஆண்டு டிஸம்பர் 14ஆம் நாள் துருவத்தை எட்டி, எஞ்சிய 11 நாய்களோடு தம் தோழர் நால்வரும் நலமே மீண்டுவந்தார். தோள்வாரால் வண்டியிழுத்துச் சென்ற ஸ்காட் முதலிய ஐவர் 1912ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் அங்கே சேர்ந்து, அயலார் கூடாரத்தைக் கண்டனர். திரும்பும் வழியில் ஐவரும் மாண்டனர். ஸ்காட், வில்ஸன், பவர்ஸ் மூவரும் இறுதியாகக் கிடந்த கூடாரத்திற்கும் உணவுக்கிடங்கிற்கும் இடையே 11 மைலே இருந்தது. நவம்பர் மாதத்தில் அக்கூடாரத்தைத் தேடிக் கண்ட குழுவோடு இந்தியக் கோவேறு கழுதைகளும் நின்றன.

1913ஆம் ஆண்டு பெப்ருவரியில் அச்செய்தி உலகிற்கு எட்டியபோது, மார்க்கம் போர்ச்சுகல் நாட்டில் இருந்தார். வயது எண்பத்திரண்டு. தாம் படகுப்போட்டியிற் கண்டெடுத்த சிறுவனும், தாம் பரிந்துரைத்த பவர்ஸும் ஒரே கூடாரத்திற் கிடந்தனர். அதன்பிறகும் அவர் தம் கொள்கை பிழைபட்டதென எழுதினாரல்லர். ஸ்காட்டின் புகழைக் காப்பதிலேயே எஞ்சிய நாளைச் செலவிட்டார். ஸ்காட்டின் ஒரே மகனுக்கு அவர் ஞானத்தந்தை. பீட்டர் மார்க்கம் ஸ்காட் என்று அவர் பெயரையும் சேர்த்தே அம்மகவுக்குப் பெயரிட்டிருந்தனர். காட்டுப் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் காவலராய் அம்மைந்தர் பிற்காலத்தில் உலகப்புகழ் பெற்றார்.

மார்க்கத்தின் இலண்டன் இல்லத்தில் மின்விளக்கு இருந்தது. எனினும் பழைய கப்பல் வழக்கத்தை விடாமல், படுக்கையில் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்தே படிப்பார். 1916ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் அச்சுடர் படுக்கையிற் பற்றிற்று. மறுநாள் அவர் உயிர் நீத்தார். அவருக்கு வயது எண்பத்தைந்து.

தென்துருவ மலையொன்று அவர் பெயர் தாங்கி நிற்கின்றது. டிஸ்கவரி கப்பல் டண்டீ நகரிற் காட்சிப்பொருளாய் உள்ளது. அவர் காலத்தில் உயிரைப் பணயம் வைத்துச் சென்ற பனிக்கடலில், 1966ஆம் ஆண்டில் லிண்ட்பிளாட் என்பவர் வழிகாட்டத் தொடங்கியதுமுதல், பொருள் படைத்தோர் உல்லாசக் கப்பல்களிற் சென்று, வெதுவெதுப்பான அறையிலிருந்தே பனிமலைகளைக் காண்கின்றனர். இந்தியக் குழுவும் 1982ஆம் ஆண்டு ஜனவரியில் அக்கண்டத்திற் கால்வைத்தது.

எம்மூர்ப் பெரியவர்க்குப் பனிமலை காட்ட எம்மால் இயலாது. ஆனால் சில திங்களுக்குமுன் நடுவட்டம் சென்றபோது, அங்கிருந்த காவலாளர் காட்டிய பழைய சின்கோனா மரத்தடியில் உதிர்ந்துகிடந்த பட்டைத் துண்டொன்றை எடுத்துவந்து அவர் கையிற் கொடுத்தோம். தறியைவிட்டு எழாமலே அவர் அதை நாவில் வைத்துப் பார்த்துத் துப்பினார். பிறகு நீர் கொண்டுவரச் சொன்னார்.